வாடிய பாத்தியும் செடிகளின் சொந்தபந்தமும்



இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ, கூட்டு ஒப்பந்தத்தைப் பற்றியோ எழுதப் போவதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் பற்றி எழுதப் போகிறேன். "சங்கத்துக்காரனுக்குக் காய்கறிக் கடையில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருந்தது. இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதில் ஒரு குடும்பம் என் சொந்தக் குடும்பம்!

ஜொகூரில் எங்கள் தோட்டத்தில் முன்பு பால்மரம், இப்போது செம்பனை. மரம் மாறினாலும் லயத்துக்குப் பின்னால் உள்ள காய்கறிப் பாத்தி மாறவில்லை. என் அம்மாவுக்கு அந்தப் பாத்திதான் கைச்செலவு. வீட்டுக்குப் போக மிஞ்சியதை லயத்திலேயே விற்பார். கறிக்குக் காய் கடையில் வாங்காத வீடு எங்கள் வீடு.

சென்ற ஆண்டு அம்மா தக்காளி போட்டார். செடி இடுப்புயரம் வந்து, பூவெடுத்து, பிஞ்சும் பிடித்தது. ஒரு நாள் மத்தியானம் ஒரு செடி துவண்டது. மறுநாள் பக்கத்துச் செடி. இலை பச்சையாகவே இருக்கிறது, மஞ்சள் அடிக்கவில்லை, புழுவும் இல்லை; ஆனால் செடி செத்துவிட்டது. பத்தே நாளில் பாத்தி காலி. அம்மா மனந்தளராமல் அதே இடத்தில் கத்தரி நட்டார். அதுவும் காய்க்கிற நேரத்தில் அப்படியே போயிற்று. பிறகு மிளகாய். அதில் பாதி போயிற்று.

மூன்று முறை உழைப்பு வீணானால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? "பச்சைச் செடி தானா சாகுமா? யாரோ ராத்திரியில எதையோ ஊத்துறாங்க" என்றார் அம்மா. 'யாரோ' என்றது பக்கத்து வீட்டு அக்காவை. அந்த அக்கா சும்மா இருப்பாரா? "உங்க பாத்தித் தண்ணி வந்துதான் என் செடியும் சாகுது" என்று திருப்பிக் கேட்டார். பேச்சு வளர்ந்தது, வாசல் கதவுகள் மூடிக்கொண்டன. ஊர் வழக்கைத் தீர்த்து வைக்கிற நான், வீட்டு வழக்கில் வாயடைத்து நின்றேன்.

தஞ்சோங் பகாரில் பெரியம்மா

அந்த நேரத்தில்தான் என் பெரியம்மாவைப் பார்க்கச் சிங்கப்பூர் போனேன். பெரியம்மா எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். துறைமுகத்தில் வேலை செய்தவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தஞ்சோங் பகாருக்குப் போனார். சிறுவயதில் பள்ளி விடுமுறைக்கு அம்மா என்னை ரயிலில் அங்கே கூட்டிப் போவார். 1932-இல் திறந்த அந்தத் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. இப்போது பேருந்துதான்.

'தஞ்சோங்' என்றால் முனை, 'பகார்' என்றால் வேலி. இன்று அந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிகள். ஆனால் பெரியம்மாவின் புளோக்குக்குக் கீழே ஒரு சின்னச் சமூகத் தோட்டம் இருக்கிறது. சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய திட்டத்தில் இப்படிக் குடியிருப்போரே பாத்தி கட்டிப் பயிர் செய்கிறார்கள். பெரியம்மாவுக்கு அங்கே ஒரு பாத்தி. பக்கத்துப் பாத்தி ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவருக்கு. இருவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள்.

நான் வீட்டு வழக்கைச் சொன்னேன். பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, யார் ஊற்றினார்கள் என்பதல்ல.

"தங்கச்சி முதல்ல என்ன போட்டா?"

"தக்காளி, பெரியம்மா."

"அப்புறம்?"

"கத்தரி. அதுக்கப்புறம் மிளகா."

பெரியம்மா சிரித்துவிட்டார். "ஏன் தம்பி, அண்ணன் சீக்குல கிடந்த பாயில தம்பியப் படுக்க வச்சா, அவனுக்கும்தான ஒட்டும்? மூணும் ஒரே குடும்பம்பா!"

எனக்குப் புரியவில்லை. தக்காளி எங்கே, கத்தரி எங்கே? ஒன்று சிவப்பு, ஒன்று ஊதா. ஒன்றை ரசத்துக்குக் கரைக்கிறோம், மற்றதைக் குழம்பில் போடுகிறோம். பெரியம்மா என் கையைப் பிடித்துப் பாத்திக்கு இழுத்துப் போனார்.

"காயப் பார்க்காத. பூவப் பாரு."

கத்தரிப் பூ: ஊதா நிறம், நட்சத்திரம் போல் ஐந்து முனை, நடுவில் மஞ்சளாகக் கூம்பு. பக்கத்தில் சுண்டைச் செடி. பூ வெள்ளை, அதே நட்சத்திரம், அதே மஞ்சள் கூம்பு. தக்காளிப் பூ மஞ்சள், அதே அமைப்பு. வேலியோரம் தானாக முளைத்த மணத்தக்காளியின் பூ மிளகு அளவுதான். அதுவும் அதே அச்சு. நாற்பது வயது தாண்டி, நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். ஒரு நாளாவது நான்கு பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேனா? இல்லை.

செடிக்கும் இன்ஷியல் உண்டு

அதற்குள் சீன ஆசிரியரும் வந்து சேர்ந்தார். அவர் விளக்கியதை என் பாணியில் சொல்கிறேன்.

ஒரே மாதிரி பூவும் காயும் அமைந்த நெருங்கிய செடிகளைச் சேர்த்து ஒரு 'பேரினம்' என்கிறார்கள். பல பேரினங்கள் சேர்ந்தது ஒரு 'குடும்பம்'. பேரினத்துக்குள் ஒவ்வொரு தனி வகையும் ஒரு 'சிற்றினம்'. சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்பவர் 1753-இல் வெளியிட்ட நூலில், தமக்குத் தெரிந்த செடிகளுக்கெல்லாம் இரண்டு இரண்டு சொல்லில் பெயர் வைத்தார். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். நாம் அப்பா பெயரை இன்ஷியலாக முன்னால் போட்டு, நம் பெயரைப் பின்னால் எழுதுகிறோமே, அது போலத்தான்! இன்ஷியலைப் பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டை, மணத்தக்காளி, தூதுவளை, கண்டங்கத்தரி ஆகிய இத்தனைக்கும் இன்ஷியல் ஒன்றே: 'சொலானம்'. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உள்ள பெரிய பேரினம் அது. மிளகாய் மட்டும் 'கேப்சிகம்' என்ற வேறு பேரினம். ஆனால் குடும்பம் ஒன்றுதான். அதாவது, கத்தரியும் தக்காளியும் அண்ணன் தம்பி; மிளகாய் சித்தப்பா பிள்ளை.

இதில் ஒரு வேடிக்கை. லின்னேயஸ் தக்காளியைச் சொலானத்தில்தான் சேர்த்திருந்தார். அடுத்த ஆண்டே, 1754-இல், மில்லர் என்ற ஆங்கிலேயர் அதைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கினார். 200 ஆண்டுக்கு மேல் பெரும்பாலோர் அப்படியே எழுதி வந்தார்கள். 1990-களில் மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது, தக்காளி உருளைக்கிழங்கின் நெருங்கிய உறவு என்று உறுதியானது. மறுபடியும் சொலானத்திலேயே சேர்த்துவிட்டார்கள். தவறென்று தெரிந்தால் கணக்கைத் திருத்துவதில் வெட்கம் என்ன இருக்கிறது?

பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

நாம் வைத்த பெயரெல்லாம் சமையலறைப் பெயர். உறவை அது காட்டாது.

மூன்று 'வள்ளி'யை எடுத்துக்கொள்வோம். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வள்ளிக்கிழங்கு. மூன்றும் அக்கா தங்கை போலத் தோன்றும். ஆனால் மூன்றும் மூன்று குடும்பம். சர்க்கரைவள்ளியின் பேரினம் 'ஐபோமியா'. அதன் உண்மையான உடன்பிறப்பு யார் தெரியுமா? பெலாச்சான் போட்டுப் பிரட்டுகிறோமே, அந்தக் கங்குங் கீரை! நம்பிக்கை இல்லையென்றால் இரண்டின் பூவையும் பாருங்கள். இரண்டும் ஒரே புனல்.

பூசணியும் அப்படித்தான். சாம்பாருக்குப் போடும் மஞ்சள் பூசணி ஒரு பேரினம். திருஷ்டி கழிக்க உடைக்கும் நீற்றுப் பூசணி வேறு பேரினம். குடும்பம் மட்டும் ஒன்று. அந்தக் குடும்பத்தில்தான் வெள்ளரி, பாகல், புடல், பீர்க்கு எல்லாம் வருகின்றன.

வேறு வேறு என்று நினைப்பது ஒன்றாக இருப்பதும் உண்டு. மறுநாள் காலை பெரியம்மாவோடு தஞ்சோங் பகார் பிளாசா மார்க்கெட்டுக்குப் போனேன். சீனர் கடையில் 'கைச்சோய்' என்ற அகலக் கீரை கட்டுக்கட்டாக இருந்தது. "இது என்னன்னு தெரியுதா? நாம தாளிக்கிற கடுகு!" என்றார் பெரியம்மா. உண்மைதான். அவர்கள் இலையைத் தின்கிறார்கள். நாம் விதையை எண்ணெயில் போடுகிறோம். பேரினம் 'பிராசிக்கா'; சிற்றினமும் ஒன்றே. சாவி, பக்சோய், முட்டைக்கோசு, காலிபிளவர், கைலான் எல்லாம் அதே பிராசிக்காவின் பிள்ளைகள். அதிலும் முட்டைக்கோசு, காலிபிளவர், கைலான் மூன்றும் ஒரே சிற்றினம்! இலையைப் பெருக்க வைத்தவன் கோசு ஆக்கினான். பூவைப் பெருக்க வைத்தவன் காலிபிளவர் ஆக்கினான்.

வெற்றிலைத் தட்டிலும் இது உண்டு. வெற்றிலைக்கும் மிளகுக்கும் பேரினம் ஒன்று, 'பைப்பர்'. இட்லிக்கு அரைக்கிற உளுந்து, பச்சைப்பயறு, பந்தலில் தொங்குகிற பயிற்றங்காய் மூன்றும் 'விக்னா' என்ற ஒரே பேரினம்.

சாவுக்குக் காரணம் யார்?

இப்போது வழக்குக்கு வருவோம். அம்மாவின் பாத்தியைக் கொன்றது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. 'வாடல் நோய்' என்பார்கள். 1896-இல் எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் அதைக் கண்டு எழுதினார். 'சொலானம்' குடும்பத்தைப் பிடிப்பது என்பதால், அந்தக் கிருமியின் பெயரிலேயே 'சொலானேசியரம்' என்று குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாயை அடைத்துவிடும். அதனால்தான் இலை பச்சையாக இருக்கும்போதே செடி தாகத்தில் சாகிறது. சூடான, ஈரமான நம் நாட்டு மண் அதற்குச் சொர்க்கம். ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும்.

தக்காளி செத்த இடத்தில் கத்தரி நட்டோம். கத்தரி செத்த இடத்தில் மிளகாய் நட்டோம். கிருமிக்கு ஒரே வீட்டுச் சாப்பாட்டை மூன்று வேளையும் பரிமாறியிருக்கிறோம்!

பெரியம்மா ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். நீங்களும் செய்து பாருங்கள். வாடிய செடியின் தண்டை, அடிப்பக்கத்தில் விரல் நீளம் நறுக்குங்கள். கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் வைத்து, தண்டின் வெட்டுவாய் மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக ஏதோ இறங்கும். அது இறங்கினால் வாடல் நோய்தான்; பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம்.

மருந்து அடித்துத் தீர்க்கிற நோய் அல்ல இது. ஆனால் சொந்தபந்தம் தெரிந்தால் குறைக்கலாம்:

வாடிய செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், வாய்க்காலில் எறியாதீர்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள். தண்ணீர் தேங்காமல் பாத்தியை உயர்த்துங்கள். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதையும் சில பருவங்களுக்கு நடாதீர்கள். அங்கே முளைக்கிற மணத்தக்காளியையும் விடாதீர்கள். அதுவும் அதே வீட்டுப் பிள்ளை. அதற்குப் பதில் சோளம் போடலாம், சாவி போடலாம், பயிற்றங்காய் போடலாம். பயிற்றங்காய் போட்டால் வேர் முடிச்சில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். செம்பனைக்கும் பால்மரத்துக்கும் அடியில் நிலம் மூடக் கொடி படர விடுகிறார்களே, அதுவும் பயறுக் குடும்பம்தான். தோட்டத்துரை ஹெக்டேர் கணக்கில் செய்வதை நாம் பாத்தி அளவில் செய்கிறோம்.

உறவு தெரிந்தால் இன்னொரு லாபமும் உண்டு. பால்மரத்தில் மொட்டு ஒட்டிய அனுபவம் நம் மூத்தவர்களுக்கு இருக்கிறது. ஒட்டு, நெருங்கிய உறவில்தான் பிடிக்கும். சுண்டையின் வேர் வாடல் நோயைப் பெருமளவு தாங்கும். அதன் அடியில் கத்தரிக் கொழுந்தை ஒட்டினால் கத்தரி பிழைக்கும். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், நோய் தாங்கும் கத்தரி அடியில் தக்காளியை ஒட்டும் முறையைப் பல நாடுகளில் பரப்பியிருக்கிறது. இரண்டும் சொலானம் என்பதால்தான் இது முடிகிறது.

பால்மரத்தின் சொந்தக்காரன்

தோழர்களே, பேரினம் என்பது காய்கறிப் பாத்தியோடு நிற்கிற விஷயமல்ல. நம் பாட்டன் பூட்டன் இந்த மண்ணுக்கு வந்த கதையிலேயே அது இருக்கிறது.

பால்மரத்தின் பேரினம் 'ஹெவியா'. அதன் தாய்நாடு தென்னமெரிக்காவின் அமேசான் காடு. விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876-இல் சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888-இல் அங்கே இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு, தோட்டம் தோட்டமாக விதை கொடுத்தார். பிறகு ஆயிரமாயிரமாக நம் மக்கள் கப்பலேறி வந்தார்கள்.

தாய்நாட்டிலேயே ஏன் பெருந்தோட்டம் போடவில்லை? போட்டார்கள். மோட்டார் கார் முதலாளி ஹென்றி போர்டு, 1928-இல் பிரேசிலில் 'போர்ட்லாண்டியா' என்று ஒரு ஊரையே கட்டி ரப்பர் நட்டார். அங்கே ஹெவியா பேரினத்தைப் பிடிக்கும் இலைக்கருகல் பூஞ்சணம் இருந்தது. காட்டில் தள்ளித் தள்ளி நின்றபோது தப்பிய மரம், தோட்டத்தில் நெருக்கி நட்டபோது மாட்டிக்கொண்டது. தொழிலாளர் தகராறும் சேர்ந்துகொள்ள, 1945-இல் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டார்கள். அந்த நோய் கடல் தாண்டி இந்தப் பக்கம் பரவாததால்தான் இங்கே பால்மரம் பிழைத்தது.

மரவள்ளியும் பால்மரமும் ஒரே ஆமணக்குக் குடும்பம். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, நம் மக்களின் வயிற்றைக் காப்பாற்றியது அந்தப் பால்மரத்தின் உறவுக்காரிதான். பெரியம்மா தம் தாயாரிடம் கேட்ட பஞ்சக்கதையைச் சொல்லும்போது எனக்கு இது நினைவுக்கு வந்தது.

தஞ்சோங் பகாருக்கும் இப்படி ஒரு பழைய பாடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், பக்கத்து டக்ஸ்டன் மேட்டுப் பகுதியெல்லாம் ஜாதிக்காய்த் தோட்டம். ஒரே மரம், நெருக்க நெருக்கமாக. 1850-களின் பிற்பகுதியில் நோய் வந்தது. சில ஆண்டிலேயே சிங்கப்பூரின் ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்தால், ஒருவனுக்கு வந்தது எல்லோருக்கும் வரும்.

தீர்ப்பு

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவை அழைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்தேன். அக்கா முதலில் வரவில்லை. "உங்க அம்மா இருக்கிற இடத்துக்கு நான் எதுக்குத் தம்பி?" என்றார். "நியாயம் கேட்க வாங்கக்கா" என்றதும் வந்தார். இரண்டு கிளாசில் தண்ணீர் வைத்தேன். அம்மாவின் மிளகாய்த் தண்டு ஒன்றில். அக்காவின் கத்தரித் தண்டு மற்றதில்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இரண்டு கிளாசிலும் வெள்ளை நூல் இறங்கியது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். "நான்தான் வாய்விட்டுட்டேன்" என்றார். அக்கா, "என் பாத்தித் தண்ணியும் உங்க பக்கம் வந்திருக்கும்கா" என்றார். வழக்கு முடிந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. ஒரு பாத்தியை மட்டும் காப்பாற்ற முடியாது; மழைத்தண்ணீருக்கு வேலி தெரியாது. அம்மா பயறு போட்டு, மேல்வீட்டுக்காரர் தக்காளி போட்டால், கிருமி அங்கே வளர்ந்து இங்கே இறங்கும். அதனால் லயத்தில் கூட்டம் போட்டோம். யார் பாத்தியில் எந்தக் குடும்பம், அடுத்த பருவத்தில் எது என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். தக்காளி வேண்டும் என்றவர்கள் புது மண் நிரப்பிய பையில் மட்டும் வளர்ப்பது என்று முடிவானது. நான் நடத்திய எத்தனையோ கூட்டங்களில் ஒருவரும் எதிர்த்துப் பேசாத கூட்டம் அது ஒன்றுதான்!

இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாத்திக்குப் போங்கள். கத்தரிப் பூ ஒன்று, சுண்டைப் பூ ஒன்று, வெண்டைப் பூ ஒன்று, வாசலில் உள்ள செம்பருத்திப் பூ ஒன்று பறித்து வரச் சொல்லுங்கள். எதற்கு எது சொந்தம் என்று கேளுங்கள். கத்தரிக்குச் சுண்டை, வெண்டைக்குச் செம்பருத்தி என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அம்மாவின் பாத்தியில் இப்போது பயிற்றங்காய் தொங்குகிறது. முதல் கட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.